ட்ரை பண்றேன்னு சொன்னவளுக்கு ஒரு பங்கு

எனக்குச் சோறு போட்ட இங்கிலீஷ் சொல் ஒன்று உண்டென்றால் அது 'ட்ரை'தான். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தேன். ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள், வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் எல்லாம் கூப்பிட்டுத் திட்டுவதற்கென்றே ஒரு நம்பர் இருக்கும் இல்லையா, அந்த நம்பரின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். பயிற்சி கொடுத்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார். 'முடியாது' என்று எந்தக் காரணத்தைக் கொண்டும் சொல்லக்கூடாது. 'செய்கிறேன்' என்றும் சொல்லிவிடக்கூடாது, அப்புறம் செய்ய வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக உட்கார்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது, 'ஐ வில் ட்ரை' என்று சொல்லி அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார்.

அகராதியில் பார்த்தால் 'முயற்சி செய்' என்று போட்டிருக்கும். போட்டிருக்கட்டும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு முயற்சியும் செய்ததில்லை. வெறும் 'ட்ரை' என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். 'ட்ரை மை பெஸ்ட்' என்றால் தயவுசெய்து போனை வை. 'டெஃபனட்லி ட்ரை மை லெவல் பெஸ்ட்' என்றால் உன் ஃபிரிட்ஜை நீ மறந்துவிடலாம். சொல் கூடக் கூட வேலை குறைந்துகொண்டே போகும். இதே குடும்பத்தில் 'அட்டெம்ப்ட்' என்று ஒன்று இருக்கிறது, அது கேள்வித்தாளிலும் போலீஸ் கேஸிலும்தான் வரும். 'ஸ்ட்ரைவ்' என்று இன்னொன்று. பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி அதை நான் எங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வந்து, அடுப்படி வரைக்கும் புகுந்து, நம் ஆளாகவே ஆகிவிட்டது ட்ரை ஒன்றுதான்.

கல்யாணமாகிப் பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்தபோது அந்தச் சொல்லும் சீர்வரிசையோடு கூடவே வந்தது. என் வீட்டுக்காரர் ஏரியில் ஃபைபர் போட்டில் போகிறவர். நான் சும்மா இருக்க மாட்டாமல் வீட்டின் முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும் வாங்கி வைத்துக் கடை போட்டேன். ஆதாரில் விலாசம் மாற்ற, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, உதவித்தொகைக்கு மனுப் போட, எல்லாவற்றுக்கும் ஊர் என்னிடம்தான் வரும். இல்லாவிட்டால் ஆரம்பாக்கம் வரைக்கும் பஸ் ஏற வேண்டும். நெட் கிடைக்காது. நெட் கிடைத்தால் கரண்ட் இருக்காது. இரண்டும் இருந்தால் எனக்குப் பொறுமை இருக்காது. "ட்ரை பண்றேன், நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வந்தவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவ்வளவு சாதுவான ஜனங்களை நான் கால் சென்டரில் பார்த்ததே இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு பெரிய காலி மனை இருந்தது. பெண்கள் அதன் குறுக்கேதான் ஏரிக்குப் போவார்கள். வலையும் படகும் ஆண்களோடது. இந்தப் பெண்கள் கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள். ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவிக்கொண்டு போவார்கள். விரலில் தட்டுப்பட்டதும் பிடித்துப் பறியில் போடுவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதனால் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் போகும்போதும் வரும்போதும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். விடியற்காலையில் அந்த மனை வழியே சிரிப்புச் சத்தம் போகும். நான் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அந்த மனையை ஓர் இறால் பண்ணைக் கம்பெனி வாங்கியது. குளம் வெட்டியது, மோட்டார் வைத்தது, ஏரிக்கரை வரைக்கும் கம்பி வேலி போட்டது. பத்து நிமிஷத்தில் போன இடத்துக்கு இப்போது வேலிகாத்தான் முள்ளுக்குள் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

மற்றவர்கள் எப்படியோ நடந்துவிட்டார்கள். நடக்க முடியாமல் போனது என் வீட்டுக்காரரின் அக்காவுக்குத்தான். எனக்கும் அவள் அக்காதான். ஐம்பது தாண்டியவள், ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட வாட்டசாட்டம். பிடிக்கப் போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நடப்பாள். வலது முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தரையில் ஒவ்வோர் எட்டுக்கும் வலி. ஆனால் "தண்ணில எறங்கிட்டா முட்டி எங்க கீதுன்னே தெர்ல" என்பாள். தண்ணீர் அவளைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் வரைக்கும் தாங்குவதற்குத்தான் யாரும் இல்லை. வேலி வந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஏரிக்குப் போகாமல் நின்றாள், அப்புறம் மூன்று நாள். இப்படியே போனால் அடுத்த மழைக்குள் அவள் ஏரியை விட்டே நின்றுவிடுவாள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் போய்ச் சேர்ந்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தனியாக இருக்கிறவள். ஏரியில் கை வைக்கிற வரைக்கும்தான் அவள் யார் கையையும் எதிர்பார்க்காதவள்.

ஒருநாள் பத்து மணி வாக்கில் கடைக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ இங்கிலீசு பேசறவளாச்சே. அந்த மேனேஜராண்ட போயி பொம்பளைங்க போவ ஒரு வழி வுடச் சொல்லேன். ஒரு ஆளு நொழையற மாரி இருந்தா போதும்" என்றாள்.

பண்ணை மேனேஜர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். தமிழ் தெரியாது. தெலுங்காவது தெரிந்திருந்தால் அக்காவே போய் அவரை ஒரு வழி பண்ணியிருப்பாள், இங்கே பாதிப் பேருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் கால் மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ட்ரை பண்றேங்கா" என்றேன்.

"சரி" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அக்கா. கையில் ஒரு அலுமினியக் கிண்ணம், அதில் இரண்டு கைப்பிடி இறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. கொடுத்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அதற்கு மறுநாளும் வந்தது. அக்காவால் போக முடியாத நாளில் வேறொருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். நான் இறால் தொக்கு வைத்தேன், கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன், முருங்கைக்கீரையில் போட்டுப் பொரித்தேன். போன மாசம் அக்காவின் ரேஷன் கார்டைச் சரிசெய்து கொடுத்திருந்தேன், அதற்குத்தான் இந்த மரியாதை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். எனக்குத் தலை கால் புரியவில்லை.

"பாத்தீங்களா, உங்க அக்காவுக்கு என் மேல எவ்ளோ பாசம்" என்று ஒன்பதாம் நாள் சாப்பாட்டு வேளையில் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

அவர் கை பாதி வழியில் நின்றுவிட்டது. "பாசமா? அது பங்குடி" என்றார்.

அப்புறம்தான் விளக்கினார். ஒரு போட்டில் போகிற நாலு பேரில் ஒருவன் எல்லோருக்குமான காரியமாகத் தாலுகா ஆபீசுக்கோ ஸ்டேஷனுக்கோ போய்விட்டால், அன்றைக்குப் பிடித்த மீனில் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போய்விடும். தண்ணீரில் இறங்காவிட்டாலும் அவன் வேலையில்தான் இருக்கிறான் என்று கணக்கு. கையால் பிடிக்கிற பெண்களுக்குள்ளும் அதே வழக்கம். ஆளுக்கு நாலு இறால் எடுத்துப் போட்டுப் பங்கு சேர்ப்பார்கள். காரியம் முடிகிற வரைக்கும் பங்கு வரும். முடியாது என்று கைவிடுகிறவர்கள், பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கையிலேயே திருப்பித் தந்து, என்னால் ஆகாது என்று சொல்லிவிட வேண்டும். அதில் ஒரு கோபமும் கிடையாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"மேனேஜராண்ட நீ போயிகினு கீறேன்னுல்ல நானும் துன்னுகினு இருந்தேன். போவவே இல்லியா நீ?"

தட்டில் மிச்சமிருந்த இறாலை ஓரமாக ஒதுக்கி வைத்தேன். ஆளுக்கு நாலு என்றால், முட்டி தேய்ந்தவளின் பறியிலிருந்தும் நாலு.

அவர் பெரிய மனசு பண்ணி, "வுடு, உனக்கு அதெல்லாம் வராது. நாளைக்கிப் போயி திருப்பிக் குடுத்துடு" என்றார்.

வராதா? எனக்கா? நாலு வருஷம் இங்கிலீஷிலேயே குடித்தனம் நடத்தியவளுக்கா? நேர்மையாகச் சொல்கிறேன், அக்காவின் முட்டிக்காக நான் மறுநாள் பண்ணைக்குப் போகவில்லை. 'உனக்கு வராது' என்று அந்த மனிதர் சொன்னாரே, அந்த வயிற்றெரிச்சலில் போனேன்.

பண்ணையின் கேட் ரோட்டுப் பக்கம் இருந்தது. உள்ளே இரும்புக் கண்டெய்னரில் ஜன்னல் வெட்டி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். மேனேஜருக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்த ஆள், கண்ணாடி, நல்ல இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், நான் பேசியதை முழுக்கக் கேட்டார். நானும் பிரமாதமாகப் பேசினேன். வழி வேண்டும், ஓர் ஆள் நுழைகிற அளவு போதும், காலையில் மட்டும் திறந்தால் போதும், வயதான பெண்கள் இருக்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, மிக அன்பாகச் சொன்னார்.

"ஐ வில் ட்ரை, மேடம். டெஃபனட்லி."

அடப்பாவி. எனக்கேவா? அந்தக் குரலின் ஏற்றம், இறக்கம், நடுவில் விடுகிற மூச்சு, கடைசியில் அந்த 'டெஃபனட்லி', எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பயிற்சி அம்மாளிடம் இவரும் படித்திருப்பாரோ என்றுகூடத் தோன்றியது. வெளியே வந்து வண்டியை உதைத்த உதையில் கால் சுளுக்கிக்கொண்டது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "ட்ரை பண்றேன்னு சொல்றாருக்கா. அதுக்கு முடியாதுன்னு அர்த்தம். என்னிய நம்பு, நான் இதே டயலாக்க ஆயிரம் வாட்டி சொல்லிகீறேன். அந்த ஆளு ஒரு போன்கூட அடிக்க மாட்டாரு" என்று பொரிந்து தள்ளினேன்.

அக்கா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கறேன்னு சொல்ட்டாரு இல்ல? அப்ப நாளைலேர்ந்து அவருக்குப் பங்கு போவட்டும்" என்றாள்.

"யாருக்கு? இறால் பண்ணை வெச்சிகீறவருக்கு இறாலா?"

"பண்ணை அவுரு மொதலாளியோடது. இது அவுருது" என்றாள்.

பைத்தியக்காரத்தனம் என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலிருந்து பண்ணை வாட்ச்மேன் கையில் ஒரு பொட்டலம் போக ஆரம்பித்தது. குளம் குளமாக இறால் நீந்துகிற இடத்துக்கு, தினமும் இரண்டு கைப்பிடி இறால். ஊரே சிரித்தது. டீக்கடையில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா, உன் பொண்டாட்டி கம்பெனிக்கே சரக்கு சப்ளையாமே" என்று கேட்டார்களாம். எனக்கு வருவது நின்றுவிட்டது. நான் போய்க் கேட்டுவிட்டு வந்ததால் என் வேலை முடிந்ததாம், இப்போது வேலை மேனேஜர் தலையில் இருக்கிறதாம்.

பன்னிரண்டு நாள் கழித்து மேனேஜரிடமிருந்து போன். என் கடை போர்டில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். மேடம், தினமும் யாரோ எனக்கு இறால் கொடுக்கிறார்கள், வாட்ச்மேனுக்கும் காரணத்தைச் சொல்லத் தெரியவில்லை, இங்கே பண்டிகை ஏதாவதா என்று கேட்டார். சமைத்துச் சாப்பிட்டாராம், ஏரி இறால் ருசியே தனியாம். அதையும் மறக்காமல் சொன்னார்.

நான் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். நீங்கள் ட்ரை பண்ணுவதாகச் சொன்னீர்கள் அல்லவா, எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்காக ட்ரை பண்ணுகிறவருக்கு அது முடிகிற வரைக்கும் பங்கு உண்டு, நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்றேன்.

அவர் ரொம்பச் சின்னக் குரலில், நான் இன்னும் யாரிடமும் பேசவே இல்லையே மேடம், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

நான் சொல்லி நிறுத்த முடியாது, கொடுத்தவர் கையிலேயே திருப்பித் தந்து முடியாது என்று சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம் என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை மறைப்பானேன். வருகிறேன், மொழிபெயர்க்க நீங்களும் வர வேண்டும் என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவர் முதல் நாள் வந்த பொட்டலத்தோடு கேட்டில் நின்றார். பெண்கள் அப்போதே ஏரிக்குக் கிளம்பியிருந்தார்கள், அவர்களை இனிக் கரையில்தான் பிடிக்க முடியும். அவர் வேலிக்குள் புகுந்து நேராகப் போகலாம் என்று திரும்பினார், இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டார். ஏரிப் பக்கம் வேலியில் திறப்பே இல்லை. அவர் போட்ட வேலி அவரையே மறித்தது. சுற்றித்தான் போக வேண்டும்.

நானும் அந்தச் சுற்று வழியில் அன்றுதான் முதல் தடவையாக நடந்தேன். ஊரில் இருப்பவள், கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொல்கிறவள், அதுவரை ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை. முள் அவர் பேண்ட்டைப் பிடித்தது, என் துப்பட்டாவைக் கிழித்தது. ஓரிடத்தில் சேறு. அவர் கால் ஷூவோடு உள்ளே போய்த் தனியாக வெளியே வந்தது. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டார். அதற்கப்புறம் இருவருக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது. அவர் ஊர்ப் பக்கமும் ஏதோ ஆறு இருக்கிறதாம், அவர் அம்மாவுக்கும் முட்டி வலியாம்.

பாதி வழியில் பெண்களைப் பிடித்துவிட்டோம். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் அவள் மட்டும் உட்காரவில்லை. ஒரு முள் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்திருந்தாள். முகம் வியர்த்து, உதடு இறுகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"இன்னா சாரு இம்மாந்தூரம்? ஷோக்கா வாக்கிங் வந்துகீறாரா?" என்றாள்.

தினமும் தொக்கு வைத்துத் தின்றேனே, அது இந்த வழியாக வந்த இறால். மேனேஜர் பொட்டலத்தை நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அவள் முட்டியைப் பார்த்தார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஹெட் ஆபீசைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். எதற்கு ஸ்பீக்கர் என்று தெரியவில்லை. பேசுவதற்கு எங்களைச் சாட்சி வைத்துக்கொண்டார் போலும். ஏரிப் பக்கம் ஒரு சின்னக் கதவு வேண்டும் என்று ஐந்து நிமிஷம் மன்றாடினார். மறுமுனையில் இருந்த பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டுக் கனிவாகச் சொன்னார்.

"வீ வில் ட்ரை."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது, முள்ளுக்கு நடுவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "அவருக்கும் பங்கு அனுப்பணும்னா சென்னைக்கிப் பார்சல்தான் போடணும்" என்று ஒருத்தி சொன்னாள். அதை நான் மொழிபெயர்த்ததும் மேனேஜர் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து முடித்துவிட்டு யோசித்துச் சொன்னார். தினமும் காலையில் ஏரித் தண்ணீரைச் சோதித்து எழுதி வைப்பது பண்ணையில் கட்டாய வேலை. இதுவரை ஒரு பையனைக் குடத்தைக் கயிற்றில் கட்டி வேலிக்கு மேலாக வீசச் சொல்லி மொண்டுகொண்டிருந்தார்கள். தண்ணீர் எடுக்க ஒரு கதவு போடுவதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அது மேனேஜர் கையெழுத்திலேயே முடிகிற காரியம். தண்ணீர் எடுக்கிற வேளையில் ஏரிப் பக்கக் கதவும் ரோட்டுப் பக்கக் கேட்டும் திறந்திருக்கும். அப்போது யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எழுத எந்த ரிஜிஸ்டரிலும் இடம் இல்லை. இதை அவர் இங்கிலீஷில் சொன்னபோது ஒரு இடத்திலும் 'ட்ரை' வரவில்லை. திங்கட்கிழமை வெல்டர் வருவார், செவ்வாய்க்கிழமை கதவு நிற்கும் என்றார்.

செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை. வெல்டர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் கூடப் போனேன், என் வெற்றியை நேரில் பார்க்க வேண்டாமா? பண்ணைக்குள் குளத்துக் கரை மேலேயே நடை, வழி முழுக்கச் சமதரை. அக்கா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். நொண்டினாள், ஆனால் நிற்கவில்லை. பேச்சும் சிரிப்பும் பழையபடி போனது. நான் அக்காவோடு ஒட்டிக்கொண்டு, மேனேஜரிடம் எப்படிப் பேசினேன், என்ன என்ன சொன்னேன் என்று விளக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில், பெரிய மனுஷியாட்டம் ஒரு உபதேசமும் செய்தேன்.

"ஆனா ஒண்ணுக்கா. நீங்கள்லாம் ரொம்ப வெள்ளந்தி. ட்ரை பண்றேன்னு ஒருத்தர் சொன்னா அப்பிடியே நம்பிடக் கூடாது. அதுக்கு இன்னா அர்த்தம்னு தெரிஞ்சுக்கணும்."

அக்கா நடையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதா எங்களுக்கு? ரெண்டு வருசமா உன் கடைக்கு வரோம். நீ அத்த சொன்னா அது ஆவாதுன்னு இந்த ஊர்ல கொயந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப அன்னிக்கி நான் சொன்னப்ப?"

"அன்னிக்கே தெரியும், நீ போவ மாட்டேன்னு."

"தெரிஞ்சுமா பங்கு குடுத்தே?"

"பின்ன? உன்ன வுட்டா இங்கிலீசு தெரிஞ்சவ வேற யாரு கீறா? சண்ட போட்டா நீ கதவ சாத்திக்குவே. கோவக்காரி நீ." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதான், நீ வேலைக்குப் போய்ட்டவ மாரியே நெனச்சிக் குடுத்தோம்."

கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மேனேஜர் பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டு, வேண்டுமென்றே எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தார். எனக்கு மேலே போக மனசில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"நான் கடைசி வரைக்கும் போவாமயே துன்னுகினு இருந்திருந்தா?"

"குடுத்துகினே இருந்திருப்போம். நான் நடக்க முடியாம வூட்ல உக்கார்ற வரிக்கும்" என்றாள் அக்கா. அதைக் குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை, நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெதுவாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.